தேறலும் திருகுகுழாயும்

ஒரு பொருளின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அதன் பெயர்களை ஆராய்தல் நலம். ஏட்டில் எழுதப்படாத செய்திகள் சில பெயருக்குள் உறங்கிக் கிடக்கும். கள்ளுக்குத் தமிழில் நறவு, மட்டு, தோப்பி, பிழி, அரியல், தேறல் எனப் பெயர்கள் பல உண்டு. அவற்றுள் இறுதி மூன்றும் தொழிலால் வந்த பெயர்கள். பிழியப்பட்டது பிழி, அரிக்கப்பட்டது அரியல், தேறியது, அதாவது தெளிந்தது, தேறல். பிழிந்து, அரித்து, தெளியவைத்தல் என்னும் மூன்று படிகளையும் மூன்று சொற்களே வரிசையாகக் காட்டிவிடுகின்றன.

இன்று சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடொன்றில் தம் குடும்பத்தின் தேவைக்குப் பீர் காய்ச்சும் ஒருவர், எவர்சில்வர்ப் பானையின் அடிப்பக்கத்தில் துளையிட்டு ஒரு திருகுகுழாயைப் பொருத்துகிறார். பார்ப்பதற்கு அது தச்சரும் கருமானும் செய்யும் சிறு வேலை. ஆயினும் அதன் நோக்கம் பழந்தமிழ்ச் சொற்கள் மூன்றிலும் உள்ள நோக்கமே. மண்டியை உள்ளே நிறுத்தித் தெளிவை மட்டும் வெளியே விடுவதே அது. அந்தச் சிறு குழாயை வெளிப்படையாகப் பொருத்தும் உரிமை சிங்கப்பூர்க் குடிமகனுக்கு எளிதில் வந்ததன்று. பானையின் கதையும் அந்த உரிமையின் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை.

சாடியும் விரலும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது பாடியது. வீட்டிலே ஆக்கிய கள்ளாகிய தோப்பியை அந்நூல் குறிப்பிடுகிறது. வலைஞர் குடியிருப்பைக் கூறுமிடத்தில் அரிசிக் கள் ஆக்கும் முறையையும் படிப்படியாக விளக்குகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அதனை வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். பின்னர்ப் புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய நல்லடையைக் கலக்கின்றனர். முளையை இடித்து ஆக்கியதே நல்லடை என்பது உரை வழக்கு. இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயையுடைய சாடியில் அது விளைகிறது. இறுதியில் வெந்நீர் சேர்த்து, விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கின்றனர்.

இம்முறையில் உள்ள அறிவு வியக்கத்தக்கது. அரிசியிலுள்ள மாப்பொருளை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் நேரே உண்ண இயலாது. தானியம் முளைவிடும்போது தோன்றும் நொதிப்பொருள்களே மாவைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரையை உண்டே ஈஸ்ட் மதுவை ஆக்குகிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி 'மால்ட்' ஆக்குவதும் இதே நோக்கத்தால்தான். களியை ஆற்றிய பின்னரே முளை சேர்ப்பதும் பொருளுடைய செயல்; கொதிநிலையில் சேர்த்தால் அந்த நொதிப்பொருள்கள் கெட்டுவிடும். நுண்ணோக்காடி அறியாத காலத்து வலையர்குல மக்கள் இவற்றைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

ஆனால் அச்சாடிக்குக் குழாய் இல்லை. அங்கே விரலே வடிகட்டி. இரண்டே நாளில் விளைந்த கள்ளில் மண்டி அடியில் தங்கப் போதிய நேரம் இல்லை. ஆகவே பிழியவும் அரிக்கவும் நேர்ந்தது. தேறல் என்பது அதனினும் பொறுமை வேண்டுவது. அசையாமல் இருந்தால்தான் எந்த நீர்மமும் தேறும். கலங்கிய குடிநீரைத் தெளியவைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர் வந்ததும் இவ்வேர்ச்சொல்லால்தான்.

துளைக்கு இடம் எது?

மண்டியை விலக்கும் வழியைப் பிற நாட்டாரும் தேடினர். மெசபொத்தேமியாவில், கிறித்துவுக்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முற்பட்ட நின்காசி என்னும் மதுத் தெய்வத்தின் துதிப்பாடல், வடிக்கும் கலத்தைச் சேகரிக்கும் கலத்தின்மேல் வைப்பதைப் பேசுகிறது. அடியில் துளையுள்ள மண்கலங்களும் அந்நாட்டு அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. அங்குள்ளோர் நாணற்குழலைச் சாடிக்குள் விட்டு உறிஞ்சிக் குடித்ததைப் பழைய முத்திரைகள் காட்டுகின்றன. மேலே மிதக்கும் உமியும் கீழே தங்கும் மண்டியும் வாயில் படாதிருக்க அது ஓர் உபாயம்.

யவனர் கலங்களில் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் கூறுகிறார். அத்தகைய மது வந்த அம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள், 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்தன. அச்சாடிகளின் அடி கூர்மையானது. மண்டி அக்கூரிய அடியில் திரண்டு நிற்கும். மேலுள்ளதைச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம்.

தமிழர் இந்தச் சிக்கலுக்குக் கண்ட மிகச் சிறந்த விடை மதுச்சாடியில் இல்லை, ஏரிக்கரையில் இருக்கிறது. பாசன ஏரிகளில் அமைந்த குமிழித் தூம்பில் இருவகைத் துளைகள் உண்டு. மேலே உள்ளது நீரோடித் துளை. கீழே உள்ளவை சேறோடித் துளைகள். தெளிந்த நீர் ஒரு வழியாகவும், அடியில் தங்கிய வண்டல் வேறு வழியாகவும் செல்ல வேண்டும் என்பதே அவ்வமைப்பின் கருத்து. துளை எங்கே இருக்க வேண்டும் என்னும் வினாவுக்கு அடிமட்டத்தினின்று சற்று மேலே என்பதே விடை. இன்று பீர்ப்பானையில் குழாய் பொருத்துபவரும் இதே விடையைத்தான் அளவுகோலால் அளந்து குறிக்கிறார்.

ஒழுகாத வளையம்

துளைக்கு இடம் தெரிந்தால் போதாது. துளையை ஒழுகாமல் அடைக்கவும் வேண்டும். இங்கேதான் மண்பானை தோற்றது. சுட்ட மண் முறுக்கைத் தாங்காது, இறுக்கினால் விரியும். ஐரோப்பியரின் மரப்பீப்பாய்க்கு அந்தக் குறை இல்லை. நுனி சிறுத்த மரக்குழாயைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கினால், நனைந்த மரம் ஊதி அதனைக் கவ்விக்கொள்ளும். ஆகவே பீப்பாய் இருந்த நாட்டில் குழாய் வளர்ந்தது. பானை இருந்த நாட்டில் அகப்பையும் வடிகட்டும் துணியும் நிலைத்தன.

மெல்லிய உலோகப் பானையில் குழாய் நிற்க வேண்டுமாயின் இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று திருகுமரை, மற்றொன்று மரைக்கும் சுவருக்கும் இடையே நசுங்கி இடைவெளியை அடைக்கும் நெகிழ்வான வளையம். 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டபின் அவ்வளையம் கைவந்தது.

இவ்விடத்தில் சிங்கப்பூர் கதைக்குள் வருகிறது. பிரேசில் நாட்டு ரப்பர் விதைகள் 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்தை அடைந்தன. அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளில் 22, 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்துக்கு வந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். பின்னர் மலாயா எங்கும் தோட்டங்கள் எழுந்தன. அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவருள் பெரும்பாலோர் தமிழர். உலகின் குழாய்களை ஒழுகாமல் காத்த வளையங்களில் அவர் உழைப்பும் கலந்திருந்தது. அவர் மாலையில் சென்று நின்ற இடமோ கள்ளுக்கடை.

குத்தகைக்காரர் பானை

சிங்கப்பூரில் பிரித்தானியர் கால்வைத்தது 1819-இல். அடுத்த ஆண்டே, 1820-இல், வில்லியம் பார்க்கர் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை வருவாய்க் குத்தகைக்கு விட்டார். ஏலத்தில் கூடுதல் தொகை கேட்டவருக்கே விற்கும் உரிமை. நகரின் காவலுக்கும் ஆட்சிக்கும் அவ்வருவாயே நெடுங்காலம் கைகொடுத்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் உரிமையைக் காக்கத் தனிக் காவலாட்களையும் வைத்திருந்தனர். இவ்வமைப்பில் ஏழையின் வீட்டுப் பானை குத்தகைக்காரரின் வருவாய்க்குப் பகையாக நின்றது. ஒருவன் தன் வீட்டில் தான் ஆக்கிய மதுவைத் தானே குடித்தாலும் அது திருட்டாக எண்ணப்பட்டது.

1910-ஆம் ஆண்டில் அரசாங்க ஏகபோகத் துறை அமைந்தது. இன்றைய சுங்கத் துறையின் தொடக்கம் அதுவே. குத்தகைக்காரர் போனார், அரசாங்கம் அவர் இடத்தில் அமர்ந்தது. பானையைப் பற்றிய கொள்கை மட்டும் மாறவில்லை. 1931-இல் உருவாகிய மலாயன் புரூவரீஸ் நிறுவனம் அடுத்த ஆண்டு டைகர் பீரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலெக்சாண்ட்ரா சாலையில் ஆர்க்கிப்பெலகோ மதுவாலை ஆங்கர் பீரைக் காய்ச்சியது. ஆலைகளில் பெருங்கொப்பரைகளுக்குப் பித்தளைக் குழாய்கள் பளபளத்தன. வீட்டுப் பானைக்கோ கதவு மூடிய இருட்டே வாய்த்தது.

இருட்டில் ஆக்கிய மது தெளிவதில்லை. காவலர் எப்போது வருவாரோ என்று அஞ்சுபவன் இரண்டு வாரம் பொறுத்திருந்து மண்டி அடங்குவதைப் பார்ப்பானா? அவசரமாக ஆக்கி, அவசரமாக விற்று, அவசரமாகக் குடித்து முடிப்பான். கம்பங்களின் ஓரத்திலும் சதுப்பு நிலங்களிலும் மறைவாக வடித்த சம்சுவின் கதை இதுவே. புளித்த ஊறலை வாலையிலிட்டு வடிப்பது வீட்டுப் பீரினும் பன்மடங்கு ஆபத்தானது. அதனோடு மெத்தில் ஆல்கஹால் கலந்துவிட்டால் கண்ணொளி போகும், உயிரும் போகும்.

வெண்ணிறக் குவளை

கள் வேறு வகையான பானம். அதற்கு அடுப்பு வேண்டா, முளைதானியம் வேண்டா. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டும் இனிய சாறு மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதநீராக நிற்கும். தடவாத கலயத்தில் சில மணி நேரத்தில் கள். மறுநாள் கடந்தால் காடி. ஆதலால் கள் தெளியும்வரை காத்திருக்க எவராலும் இயலாது. கலங்கிய வெண்ணிறத்திலேயே அதைக் குடித்தாக வேண்டும். கள்ளுக்கலயத்துக்குக் குழாய் தேவைப்படாத காரணம் இதுதான்.

துறைமுகத்திலும் நகராட்சியிலும் உழைத்த தமிழர் நாடிச் சென்ற கள்ளுக்கடைகளைச் சிங்கப்பூரில் அரசாங்கமே நடத்தியது. காய்ச்சிய சாராயத்தைவிடக் கள் வலிமை குறைந்தது என்பது அன்றைய வாதம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் கூலி கொடுத்த கையே கள்ளை ஊற்றிக் கூலியைத் திரும்பப் பெறும் விந்தையைத் தமிழர் தலைவர்கள் கண்டித்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும், பிள்ளைகளுக்குக் கல்வி வசதி தருவதும் இடம்பெற்றன. போருக்குப்பின் கெடா மாநிலத்தில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்தது. குடிப்பவரே கடையை மூடுக என்று கேட்டது உலகத் தொழிலாளர் வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சி. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த மக்களின் குரல் அது.

சிங்கப்பூரின் அரசாங்கக் கள்ளுக்கடைகள் பின்னர் மறைந்தன. தமிழ்நாட்டிலும் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குவதற்குத் தடை நீடிக்கிறது.

சட்டம் திறந்த கதவு

வீட்டுப் பானையின் விலங்கு பல நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கழன்றது. பிரித்தானியாவில் 1880 முதல் வீட்டில் பீர் காய்ச்சுவோர் உரிமம் பெற வேண்டியிருந்தது. அவ்விதி 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் இயற்றிய சட்டம் வழிவிட்டது. சிங்கப்பூரில் அக்கதவு திறந்தது 2004-ஆம் ஆண்டில்.

அவ்விதியின்படி 18 வயது நிரம்பியவர் தம் இல்லத்தில் பீர், பழமது முதலிய புளித்த மதுவகைகளை உரிமமின்றி ஆக்கலாம். ஓர் இல்லத்துக்கு மாதம் 30 லிட்டரே எல்லை. சொந்தத் தேவைக்கே அன்றி விற்பனைக்கு ஆகாது. வாலையிலிட்டு வடித்தல் அறவே கூடாது. தமிழில் வடித்தல் என்னும் ஒரே சொல் கஞ்சி வடிப்பதையும் சாராயம் வடிப்பதையும் குறிக்கும். சட்டமோ முதல்வகை வடித்தலை இசைந்து இரண்டாம் வகையை விலக்கிற்று.

30 லிட்டர் என்பது 330 மில்லிலிட்டர்ப் புட்டிகளில் ஏறத்தாழ 90. வீட்டில் ஒருமுறை காய்ச்சும் வழக்கமான அளவு 19 முதல் 23 லிட்டர் வரை. ஆகவே மாதம் ஒரு பானை என்பதே நடைமுறைக் கணக்கு. பிள்ளை பெற்ற தாய்க்குச் சிவப்பரிசி மது ஆக்கிக் கொடுக்கும் சீனப் பாட்டிமாரின் பழைய வழக்கமும் இதனால் சட்டத்தின் நிழலுக்கு வந்தது.

குழாய் பொருத்தும் முறை

பானை வெளிச்சத்துக்கு வந்தபின் குழாய்க்குத் தேவை பிறந்தது. 23 லிட்டர் நிறைந்த பானை 23 கிலோவுக்கு மேல் கனக்கும். தூக்கிச் சாய்த்தால் இரண்டு வாரமாகத் தங்கிய மண்டி ஒரு நொடியில் கலங்கும். ரப்பர்க்குழலை வாயால் உறிஞ்சி இறக்கினால் வாயிலுள்ள கிருமிகள் மதுவில் புகும். அசைக்காமலும் வாய் படாமலும் இறக்கக் குழாயே வழி.

அரை அங்குலக் குழாயின் மரைக்கு வெளிவிட்டம் ஏறத்தாழ 21 மில்லிமீட்டர். பானையின் அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில், உட்புற மண்டிக்கு இடம் விட்டு, துளையின் நடுவைக் குறிப்பர். எவர்சில்வரை விரைந்து துளைத்தால் அது சூடேறி இறுகிவிடும். ஆதலால் எண்ணெய் இட்டு, சிறு துளையில் தொடங்கி, மெல்லப் பெரிதாக்குவர். விளிம்பின் பிசிரை அரத்தால் நீக்காவிட்டால் வளையம் அறுபடும். பின்னர் வளையத்தை வைத்து, குழாயைச் செருகி, உட்புற மரையை இறுக்குவர். மிகையாக இறுக்கினால் வளையம் பிதுங்கி ஒழுகும். கொதிக்கும் பானைக்குச் சூடு தாங்கும் சிலிகோன் வளையம் ஏற்றது. பித்தளைக் குழாய் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். பீர் புளிப்புத் தன்மை உடையது ஆதலின் எவர்சில்வர்க் குழாயே நன்று.

இத்தனையும் செய்தபின் மதுவை ஊற்றுதல் கூடாது. முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி ஓர் இரவு வைத்துப் பார்த்தல் வேண்டும். காலையில் தரை உலர்ந்திருந்தால் பானை தேறியது. பயன்படுத்தியபின் குழாயைக் கழற்றி மரைகளைத் துலக்காவிட்டால், அங்கே உலர்ந்த பழைய மது அடுத்த பானையைக் கெடுக்கும். லூயி பாஸ்டர் 1876-இல் பீரைப் பற்றி எழுதிய நூலில் உணர்த்திய உண்மையும் அதுவே. மது கெடுவது விதியால் அன்று; வேண்டாத நுண்ணுயிரால்.

வீடு யாருக்கு?

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், ரேஸ் கோர்ஸ் சாலையில் பேருந்தில் அடிபட்டு இந்தியத் தொழிலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து தேக்கா வட்டாரத்தில் கலவரம் மூண்டது. மதுவும் அதற்கு ஒரு துணைக்காரணம் என்று விசாரணைக் குழு கூறியது. 2015-இல் வந்த சட்டம் பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை மது அருந்துவதைத் தடுத்தது. தேக்காவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பகுதிகளாயின.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு செய்தி புலனாகும். ஒன்று வீட்டுக்குள் மாதம் 30 லிட்டர் தருகிறது. மற்றொன்று தெருவில் நேரத்தை அளக்கிறது. இரண்டுக்கும் அளவுகோல் வீடு. வீடுடையவன் பானையை மூலையில் வைத்து, குழாய் பொருத்தி, தெளியும்வரை காத்திருக்கிறான். வீட்டைக் கடல் கடந்த ஊரில் விட்டு, விடுதியில் படுத்தெழும் தொழிலாளிக்குத் தெருவே திண்ணை. ஞாயிறு மாலையே அவகாசம். பால்மரம் வெட்டியவனின் வெண்ணிறக் குவளை போலவே அவன் குவளையும் அவசரக் குவளை. ஒழுங்குக்கு விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குடியின் கேட்டைப் பேசுவோர் குடிப்பவனின் குணத்தை மட்டும் நோக்காது, அவனுக்கு வாய்த்த இடத்தையும் நேரத்தையும் நோக்குதல் அறமாகும்.

கள்ளுண்ணாமையே உயர்ந்தது என்பாரும் இவ்வரலாற்றில் கற்க ஒன்று உண்டு. தெளிவு கட்டளையால் வருவதன்று. கலக்காமல் வைக்க ஓர் இடமும், அடங்கும்வரை ஓர் அவகாசமும், மண்டிக்குச் சற்று மேலே அமைந்த ஒரு வழியும் இருந்தால் கலங்கியது தானே தெளியும். பள்ளியில் வெற்றி பெற்ற மாணவனையும், நோய் நீங்கி எழுந்தவனையும், துயரில் ஆறுதல் பெற்றவனையும் 'தேறினான்' என்றே தமிழ் கூறுகிறது. சாடியில் மது தெளிவதற்கும் அதுவே சொல்.